பிளானோவில் ஒரு பாம்புக் கல்யாணம்

1

போன சனிக்கிழமை வீட்டு வாசலில் கராஜ் சேல் போட்டோம். வீடு மாறுவதற்கு முன்னால் வேண்டாத சாமான்களை வாசலில் பரப்பி விற்றுவிடுவது இந்த ஊர் வழக்கம். ஒரு வெள்ளைக்கார அம்மாள் எங்களுடைய நீளமான கண்ணாடித் தொட்டியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, இதில் என்ன மீன் வளர்த்தீர்கள் என்று கேட்டாள். மீன் இல்லை, பாம்பு என்றேன். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த டேபிள் லேம்ப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

"மீனுன்னே சொல்லியிருக்கலாமில்ல? வித்திருக்கும்" என்றார் இவர்.

"நாளைக்கு வீட்ல கொண்டுபோய் வெச்சு, பாம்புச் செதில் ஒண்ணு கெடச்சு, திரும்பி வந்து நின்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

நான் அப்படித்தான். காங்கேயத்துப் பக்கம் சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணிப் பார்த்து வாங்குகிற ஜனங்களின் பெண். கடையில் ஃப்ரீ என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே திரும்பமாட்டேன். அமெரிக்கா வந்து பத்து வருடமாகியும் இந்தப் புத்தி போகவில்லை. போகவும் வேண்டாம். அந்தத் தொட்டியின் கதையை எழுதினால் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். இங்கே இருக்கிறவர்களிடம் சொன்னால் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற அடுத்த பாட்லக் விருந்தில் சாம்பாரோடு சேர்த்துப் பரிமாறிவிடுவார்கள். அதனால் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நடந்தது தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டில். அப்போது பிளானோ என்கிற இந்த ஊரில் லெகஸி ரோடு பக்கம் ஓர் அபார்ட்மென்டில் இருந்தோம். இவருக்கு வேலை பார்க்கிறவர்களுக்கான எச்-1 விசா. எனக்கு எச்-4. அதாவது நாட்டுக்குள் இருக்கலாம், சமைக்கலாம், கார் ஓட்டலாம், வேலைக்கு மட்டும் போகக்கூடாது. கோயமுத்தூரில் கல்லூரிப் பெண்களுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவள், இங்கே பகல் முழுக்க ஏசியின் உறுமலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை இல்லாதவளுக்குச் சந்தேகப்பட நேரம் நிறைய.

கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை. இன்றைக்கும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் தொட்டில் வரும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

எனக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாயிற்று. ரத்தம், ஸ்கேன், உள்ளே சாயத்தைச் செலுத்தி எடுக்கிற எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரேயின் வலியை எழுதினால் நீங்கள் பத்திரிகையை மூடி வைத்துவிடுவீர்கள். எல்லாம் நார்மல் என்றார் டாக்டர். அடுத்தது கணவரின் டெஸ்ட், அது ரொம்ப சுலபம், ஒரு கப்பில் கொடுத்தால் போதும் என்றார். இவர் தலையை ஆட்டினார். அந்த வாரம் ஆபீசில் புது சாஃப்ட்வேர் ரிலீஸ். அடுத்த வாரம் வேறு ஏதோ பிராப்ளம். அப்புறம் ஒய்டூகே, புது நூற்றாண்டில் கம்ப்யூட்டருக்குத் தேதி குழம்பிவிடாமல் பார்க்கிற வேலை. இரண்டாயிரமாவது வருடம் பிறக்க நிறைய நாள் இருந்தது, ஆனாலும் அந்தக் கப்பைக் கொண்டுபோய்க் கொடுக்க இவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

கோபியில் என் மாமியார். அத்தை என்று கூப்பிடுவேன். ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களிடமெல்லாம் எங்களுக்குப் பொட்டலம் கொடுத்து அனுப்புவார். எனக்குக் கயிறு, விபூதி, டப்பாவில் கறுப்பாக ஏதோ லேகியம். அவருடைய மகனுக்கு முறுக்கு. ஞாயிற்றுக்கிழமைப் போனில் எனக்குத் தனியாக ஒரு குத்தல் பேச்சும் உண்டு.

என் ஜாதகத்தில் நாகதோஷம் என்று ஈரோட்டு ஜோசியர் ஒருவர் சொல்லிவிட்டாராம். எங்கள் அப்பா வைக்கோல்போர் பிரிக்கும்போது பிணைந்துகிடந்த இரண்டு பாம்புகளை அடித்துப் பிரித்துவிட்டாராம். வைக்கோல்போரில் பாம்பு அடிக்காத வீடு எங்கள் பக்கம் உண்டா? இவருடைய அப்பா அடிக்கவில்லையா? அதை ஜோசியரிடம் யாரும் கேட்கவில்லை.

3

அக்டோபரில் ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்த இவர், காரின் பின்சீட்டிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியை இறக்கினார். பிறகு இன்னொன்று. இவருடைய டீமில் டேல் என்று ஒருவர், வேலை மாறி வேறு மாநிலம் போகிறார். போகும்போது வளர்த்த பாம்புகளை இவரிடம் கொடுத்துவிட்டார். சோளப்பாம்பு என்று பெயர். விஷமில்லை. ஆரஞ்சு உடம்பில் செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாக, பார்க்க அழகாகத்தான் இருந்தன. நான் சோபாவின் மேல் ஏறி நின்றுதான் பார்த்தேன்.

"ஆம்பள ஒண்ணு, பொம்பள ஒண்ணு" என்றார்.

"யாரு சொன்னாங்க?"

"டேல்தான்."

"டேலுக்கு யாரு சொன்னாங்களாம்?"

"கடைக்காரன் சொன்னானாம். பாம்பு என்ன ஐடி கார்டா வெச்சிருக்கும்? சும்மா நைநைங்காத."

பெரியதாக, தடியாக இருந்ததற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். மெலிசாக, வெளுப்பாக இருந்தது பொண்ணு. மெலிசாகவும் நிறமாகவும் இருந்தால் பொண்ணு. கல்யாண புரோக்கர்கூட அதற்கு மேல் இரண்டு கேள்வி கேட்பார்.

எனக்குப் பாம்பைவிட இவர்மேல்தான் சந்தேகம் வந்தது. ஆறு வருடத்தில் ஒரு துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியறியாத மனிதர். கேட்டால் சும்மா ஹாபி என்றார். ஃப்ரீஸரில் என் தேங்காய்த்துருவல் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் பாம்புக்கு இரையாக உறைந்த எலிக்குஞ்சுகள் வந்து உட்கார்ந்தன. நான் நடுவில் ஒரு தட்டைச் செருகி வைத்தேன். லீஸ் பத்திரத்தில் நாய், பூனை பற்றித்தான் எழுதியிருந்தது, பாம்பைப் பற்றி ஒன்றும் இல்லை. அப்படியென்றால் பெர்மிஷன் உண்டு என்றார் இவர். ஏசி ஃபில்டர் மாற்ற ஆள் வந்த அன்றைக்கு இரண்டு தொட்டிகள் மேலும் துண்டைப் போட்டு மூடி, மேலே இரண்டு இங்கிலீஷ் புத்தகங்களையும் வைத்தவள் நான்தான்.

4

நவம்பர் கடைசியில் சாப்பாட்டை நிறுத்தினார். எனக்கல்ல, பாம்புக்கு. வயிற்றில் இரை இருக்கும்போது குளிரில் வைத்தால் அது உள்ளேயே அழுகிவிடுமாம். வயிறு காலியான பிறகு எங்கள் பெட்ரூமின் துணிவைக்கும் அறையில் ஹீட்டர் காற்று வரும் ஓட்டையை அட்டை வைத்து அடைத்து, தொட்டிகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். தண்ணீர் மட்டும். வெளிச்சமும் கிடையாது. என் பட்டுப்புடவைகளும் பாம்புகளும் அந்தக் குளிர்காலத்தை ஒரே அறையில் கழித்தன.

"எதுக்குங்க இந்தக் கொடுமை?"

"குளிர்காலம் வந்துட்டுப் போச்சுன்னு அதுக நம்போணும். அப்பத்தான் சேரும். முட்டை வெக்கும். முதல் தடவ வேற, கரெக்டாப் பண்ணோணும்."

முட்டை வைக்க வேண்டும் என்று இவருக்கு என்ன அவசரம்? ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து பாம்பு வளர்க்கிறவர்கள் எழுதுவதையெல்லாம் பிரிண்ட் எடுத்து வந்து படித்தார். தெர்மாமீட்டர் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் பேசும்போது நான் பக்கத்தில் வந்தால் பேச்சை மழை, மஞ்சள் விலை என்று மாற்றினார். வேறு பொண்ணு பார்க்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். பக்கத்துத் தெருவில் அப்படி நடந்த குடும்பம் ஒன்று எங்கள் ஊரில் உண்டு, நீங்களும் இரண்டைப் பார்த்திருப்பீர்கள்.

பொங்கலன்று அத்தையே வாயை விட்டார்.

"அதுக ரெண்டும் சேந்துதாங்கண்ணு?"

"எதுங்க அத்தை?"

"பாம்புகதான். பிரிச்ச பாவத்துக்குச் சேத்து வெச்சாத்தான் தீருமுன்னு சோசியரு கண்டிசனாச் சொல்லீட்டாரு. அங்க கோயில் கொளம் ஏது? சாமி பாத்து அந்த வெள்ளைக்காரன் ரூபத்துல குடுத்துருக்குது."

போனை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். இவர் டீவியைப் பார்த்தார்.

"நீங்க இஞ்சினியருதானுங்களே?"

"நான் நம்பல, கோமதி. அம்மாவுக்கு ஒரு ஆறுதல், அவ்வளவுதான்."

"அப்ப எதுக்கு மறைச்சீங்க?"

"சொன்னா நீ சந்தேகப்படுவ."

ஒரு கப்பை எடுத்துக்கொண்டு பத்து நிமிஷம் கார் ஓட்ட முடியாத மனிதர், எனக்காகவென்று பாம்புக்குக் குளிர்காலம் உண்டாக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குப் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

5

பிப்ரவரி முடிவில் தொட்டிகளை வெளியே எடுத்துச் சூடு காட்டி, இரை கொடுத்தார். இரண்டும் ஆவென்று தின்றன. மார்ச்சில் பொண்ணு சட்டை உரித்தது. சட்டை உரித்த கையோடு சேர்க்க வேண்டும் என்று படித்திருந்ததால், சனிக்கிழமை சாயங்காலம் பொண்ணைத் தூக்கி மாப்பிள்ளையின் தொட்டிக்குள் விட்டார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"கோமதி, இங்க வா. சீக்கிரம்."

போய்ப் பார்த்தேன். இரண்டும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டு, கழுத்தைத் தூக்கிக்கொண்டு ஆடின. ஒன்று மேலே போனால் மற்றது அதற்கு மேலே போனது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்னதான் சந்தேகப் பிறவியாக இருந்தாலும், அந்த நிமிஷம் கை தானாகக் கும்பிட்டது. வயிற்றுக்குள் ஒரு ஆசை எழுந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

"தீபாவளிக்கு வந்த வேட்டி இருக்குதில்ல? பிரிக்காதது. எடு" என்றார்.

பிணைந்திருக்கும் பாம்புகள் மேல் புதுத் துணியைப் போட்டு, அந்தத் துணியைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டால் வீட்டுக்கு நல்லது என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம்பவில்லை என்று டீவியைப் பார்த்துக்கொண்டு சொன்னவர், வேட்டியைக் கவரோடு என் கையிலிருந்து பிடுங்கிப் பிரித்து, தொட்டிக்குள் அவற்றின் மேல் போர்த்தினார். அதற்கப்புறம் உள்ளே என்ன நடந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. துணி மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. தொந்தரவு பண்ணக்கூடாது என்று விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தோம்.

பிறகு வேட்டியை எடுத்தபோது ஓரத்தில் சின்னதாக ரத்தக்கறை.

"இது என்னங்க?"

"முதல் தடவ இல்லியா" என்றார்.

"பாம்புக்குமா?"

அதற்குள் ஊருக்குப் போன் போட்டாயிற்று. அத்தை அந்தப் பக்கம் அழுதார். வேட்டியைத் துவைத்துவிடாதே, யாராவது வந்தால் கொடுத்தனுப்பு, அரசமரத்தடி நாகர் கல்லில் சாத்த வேண்டும் என்றார். என்னிடம் முதல் தடவையாக, "உடம்பப் பாத்துக்க கண்ணு" என்றார்.

6

ஐஸ்கிரீம் டப்பாவில் ஓட்டை போட்டு, ஈரமான பாசியை நிரப்பி, முட்டை வைக்க இடம் செய்து பொண்ணின் தொட்டிக்குள் வைத்தார். ஏப்ரல் போனது. மே வந்தது. முட்டை வரவில்லை. பொண்ணு சாப்பிடுவதையும் நிறுத்தியது. கழுத்துக்குக் கீழே ஒரு புண் காய்ந்தும் காயாமலும் இருந்தது.

இவருக்கு ஆபீசில் எழுதின புரோகிராம் ஓடவில்லை என்றால் என்ன முகம் வருமோ அந்த முகம். பொண்ணின் தொட்டியில் சூடு போதவில்லை என்று பல்பை மாற்றினார். பாசி சரியில்லை என்று வேறு பாசி. என் சமையலறைத் தராசில் பொண்ணை எடை போட்டார். அந்தத் தராசை அப்புறம் நான் மாவுக்குத் தொடவில்லை. எடை போதாது, அதனால்தான் என்றார். அப்புறம், வயசு அதிகமோ என்றார்.

"பொட்டைக்குத்தான் ஏதோ கொறை இருக்குதாட்ட" என்று கோபியிலிருந்து அத்தை சொன்னார்.

மாப்பிள்ளை பக்கத்துத் தொட்டியில் ஜம்மென்று சுருண்டு கிடந்தது. அதை ஒருத்தரும் தூக்கிப் பார்க்கவில்லை, எடை போடவில்லை, பல்பு மாற்றவில்லை. வேளாவேளைக்கு எலி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் மிருக டாக்டரிடம் போவது என்று முடிவாயிற்று. பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டுத்தான் கொண்டுபோவார்கள். நான் இரண்டு உறை எடுத்து வைத்தேன்.

"பொண்ண மட்டும்தான் கொண்டுபோறோம்" என்றார்.

"மாப்பிள்ளையும் வரட்டும்."

"அதுக்கு என்ன? அது நல்லாத்தான இருக்குது."

"யாராச்சும் பாத்தீங்களா? எனக்கு மாப்பிள்ளை மேலதான் சந்தேகம்."

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. ஆறு வருடத்தில் அப்படி ஒரு பார்வை நாங்கள் பார்த்துக்கொண்டதில்லை. பிறகு மாப்பிள்ளையையும் உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டார்.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். முதலில் கழுத்துப் புண்ணைப் பார்த்தாள். அப்புறம் மெல்லிய கம்பி ஒன்றில் எண்ணெய் தடவி, வாலின் அடிப்பக்கத்தில் மெதுவாக விட்டுப் பார்த்தாள். ஆணாக இருந்தால் கம்பி ஆழமாகப் போகும், பெண்ணாக இருந்தால் கொஞ்சத்தில் நின்றுவிடும் என்றாள். மாப்பிள்ளைக்குப் போனது. பொண்ணுக்கும் அதே அளவு போனது. நம்பிக்கை வராமல் இன்னொரு முறை பார்த்தாள்.

"போத் ஆர் பாய்ஸ்" என்றாள்.

இவர், இல்லையே, நாங்கள் சேர்ந்ததைப் பார்த்தோமே, கழுத்தைத் தூக்கிக்கொண்டு பின்னிக்கொண்டு ஆடினவே என்றார். அது சண்டை என்றாள் டாக்டர். இனச்சேர்க்கைக் காலத்தில் இரண்டு ஆண்கள் ஒன்றையொன்று கீழே அமுக்கப் பார்க்கும், அதில்தான் இது கடிபட்டிருக்கிறது, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் உடனே பிரிக்கவில்லை என்று கேட்டாள்.

மேலே வேட்டியைப் போர்த்திவிட்டு வெளியே போய்விட்டோம் என்று ஒரு அமெரிக்க டாக்டரிடம் எப்படிச் சொல்வது? இவர் தரையைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து கார் பக்கத்தில் நின்று சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. இவர் இரண்டு கைகளிலும் இரண்டு மூட்டையோடு வந்து நின்றார். மூட்டைகளைப் பின்சீட்டில் வைத்துவிட்டுக் காரை எடுத்தார். சொல்லிக்காட்ட எனக்கு ஆயிரம் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து ஒன்றையும் சொல்ல வாய் வரவில்லை.

7

அந்த வாரமே பாம்புகளை, முறையாக வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம், சின்னத் தொட்டியையும் சேர்த்து, கொடுத்துவிட்டார். நான் கேட்கவில்லை. அடுத்த சில வாரங்களில் இன்னொன்றும் செய்தார், அதையும் நான் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை இந்தியன் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு காரில் ஏறினோம். சாவியைப் போட்டார், ஸ்டார்ட் பண்ணவில்லை.

"டெஸ்ட் குடுத்தேன். ரிசல்ட் வந்துருச்சு" என்றார்.

நான் மடியில் கறிவேப்பிலைக் கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லியாம். ரெண்டாவது தடவையும் குடுத்துப் பாத்துட்டேன்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. பொய் சொல்ல மாட்டேன். ஆறு வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப்போனது. அதற்குப் பின்னால்தான் துக்கம் வந்தது. இவருடைய கை ஸ்டீயரிங்கின் மேல் இருந்தது. அதை எடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. பிடித்துக்கொள்ளவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அப்படியே வீட்டுக்கு வந்து சாமான்களை எடுத்து வைத்தோம்.

மறுநாள் ஞாயிறு. ஊருக்குப் பேசும் நாள். இவர் கிச்சன் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவை ஒட்டி நின்றார். நான் பெட்ரூமுக்குப் போனேன். அங்கே கட்டில் பக்கத்தில் இன்னொரு போன் உண்டு, அதே லைன்தான். அம்மாவிடம் இவர் சொல்லப்போவதில்லை, மஞ்சள் விலைதான் பேசப்போகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதைக் காதால் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ரிசீவரை எடுத்தேன்.

"அம்மா, டாக்டருகிட்டப் போயிருந்தனுங்க. கொறை என்கிட்டத்தானுங்கம்மா. கோமதிகிட்ட ஒண்ணுமில்ல."

அந்தக் காலத்து வெளிநாட்டுப் போன் லைனில் பேசுகிறவரின் குரல் ஒரு நொடி கழித்துத் திரும்பி வரும். இவர் சொன்னதை நான் இரண்டு தடவை கேட்டேன். பிறகு அத்தை கேட்டார்.

"பக்கத்துல அவ நிக்கறாளா?"

"இல்லீங்கம்மா."

"அவ சொல்லச் சொன்னாளா சாமி?"

"இல்லீங்கம்மா. நான் பேசறதே அவளுக்குத் தெரியாது."

"அப்பச் சரி. இத இத்தோட உட்று. ஊருல ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். அவகிட்டயும் மூச்சு உட்ராத. பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா நம்மள மதிப்பாங்களா?"

"அவளுக்கு முதல்லயே சொல்லிட்டனுங்கம்மா."

"சொல்லீட்டியா?" அத்தையின் குரல் இறங்கிவிட்டது. "என்னடா சொன்னா?"

இவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது? நான்தான் ஒன்றுமே சொல்லவில்லையே. அத்தை மறுபடியும், "உன்ன என்ன சொன்னா சாமி, சொல்லு" என்றார். அந்தக் குரலில் பயம் இருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்த பயம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இந்தப் போனை எடுக்கும்போது எனக்கு இருந்த பயம்.

"அத்தை, நானும் லைன்லதானுங்க இருக்கறேன்" என்றேன். கிச்சனில் இவர் ஏதோ பாத்திரத்தை இடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. "ஆறு வருசமா நீங்க என்னயச் சொன்னீங்களே, அதுல ஒண்ணக்கூட நான் இவரச் சொல்லலீங்க."

மூன்று பேரில் யாரும் உடனே போனை வைக்கவில்லை.